எதிர்முனையில் எவரும் இல்லை

எதிர்முனைகாட்டி கடைக்கு வந்த வருடத்தில் தமிழர்கள் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்வதை நிறுத்தினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் போதும். மறுபக்கம் இருப்பவர் எந்தக் கிரகம், எந்த ஊர், எந்தத் தெரு என்று அது காட்டிவிடும். பல கல்யாணங்கள் நின்றன. ஒன்று கூடியது.

தூத்துக்குடி வியாகுலமேரி அதை வாங்கக் காரணம் பக்கத்து வீட்டு ரெஜினா. "ஒம் மாப்பிள்ள செவ்வாயில பனி வெட்டுதாருன்னு சொல்லுத. எங்க அண்ணன் அவரக் கோயமுத்தூர்ல பாத்தாராம், கையில ஒரு பிள்ளையோட."

அன்று மாலை கணவன் சூசைமிக்கேல் வழக்கம்போலப் பேசினான். செவ்வாயிலிருந்து குரல் வந்து சேரப் பல நிமிடமாகும். அதுவரை யார் காத்திருப்பது? அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஓர் இட்டுநிரப்பி உண்டு. உண்மையான பதில் வரும்வரை, ஆளின் பழக்கத்தை வைத்து அவர் குரலிலேயே அது பேசும். யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. கணவர்களின் பதில் பெரும்பாலும் "ம்" தானே.

கோயமுத்தூர் வரக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டு வியாகுலமேரி பொத்தானை அழுத்தினாள். கோயமுத்தூர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

'எதிர்முனை இல்லை. இணைப்பு ஆகஸ்டில் அறுந்தது.'

தெருவில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது.

"ஏங்க, நீங்க எங்கயுமே இல்லன்னு வருது."

"சல்லிசா வாங்கியிருப்ப," என்று குரல் சிரித்தது. "சாப்ட்டியாட்டி?"

ஆகஸ்டிலிருந்து ஒருநாள்கூட அதைக் கேட்க மறந்ததில்லை. அதற்கு முன் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

அவள் வாயைத் திறக்குமுன் அவளுடைய குரல் இணைப்பில் பதில் சொன்னது. "சாப்ட்டாச்சு. சாளக் கொழம்பு. நீங்க?"

அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"இங்க என்ன, காஞ்ச ரொட்டிதான்."

"ஈஸ்டருக்கு வந்துருவிய இல்ல?"

"வராம?"

பேச்சு அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

"அவரு எங்கன்னு சொல்லுங்க!" வியாகுலமேரி கத்தினாள். "உசுரோட இருக்காரா?"



"என்னங்க," என்றது அவளுடைய குரல், கொஞ்சம் பயந்து. "நடுவுல யாரோ பொம்பள கத்துதா."

"குறுக்க விழுந்த லைனா இருக்கும். ஏட்டி, அந்த எதிர்முனகாட்டிய அழுத்து, யாருன்னு தெரிஞ்சிரும்."

இணைப்புக்குள் பொத்தான் அழுந்தும் சத்தம் கேட்டது.

"யாருமே இல்லன்னு வருதுங்க."