பாதம் பார்த்து ஒரு சுயம்வரம்

நாலரை மணிப் படகு வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது.

படகுத்துறையின் பலகைத் தளத்தில், தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் யோருன் குப்புறப் படுத்திருந்தாள். முகத்துக்கு நேரே ஓக் மரம். அதற்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு நியோர்ட் நின்றான். கடலின் தேவன். தாடி செதுக்கி முடிந்துவிட்டது. மார்பு, தோள், தோளில் வலை, எல்லாம் முடிந்துவிட்டது. கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெறும் கட்டை.

மற்ற தேவர்களின் காலை யாரும் கேட்கப்போவதில்லை. தோருக்குச் சுத்தியல் போதும். ஓடினுக்கு ஒற்றைக் கண் போதும். நியோர்டுக்குக் கால்தான் எல்லாம்.

கால் எங்கே கிடைக்கும்? ஸ்கார்விக் ஊரில் மழை நிற்பதில்லை. தெருவில் பூட்ஸ். வீட்டுக்குள் கம்பளிக் காலுறை. சிலை செய்ய அவள் வந்து ஆறு மாதமாகிறது. ஊரில் எல்லோருடைய முகமும் தெரியும். ஒரு பாதம்கூடத் தெரியாது. போய்க் கேட்கவும் கூச்சம்...

பலகைகள் அதிர்ந்தன. யாரோ ஓடி வந்தார்கள். தார்ப்பாயின் விளிம்பு தரையிலிருந்து ஒரு முழம் தூக்கியிருந்தது. அந்த இடைவெளியில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன.

ஒன்று கழன்றது. கவிழ்ந்தது. தண்ணீர் கொட்டியது. காலுறை பிழியப்பட்டது. பிறகு இன்னொன்று.

ஈரப் பலகையில் இரண்டு வெறுங்கால்கள்.

யோருன் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

கண்ணைப் பார்த்து மனசு தடுமாறும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இது என்ன... நீண்ட விரல்கள். நரம்பு ஓடும் புறங்கால். அலை வந்து திரும்பிய மணல் போல ஒரு வளைவு. இடது சுண்டுவிரல் மட்டும் கூட்டத்தில் சேராமல் கொஞ்சம் தள்ளி நின்றது. அதன் மேல் ஒரு மழைத்துளி.

"அசையாதீங்க!"

கால்கள் துள்ளின.

"யாரு... யாரு பேசறது?"

"உள்ளேருந்து."

"நியோர்டா?"

"நியோர்டுக்குக் கால் செய்யறவ. அப்படியே நில்லுங்க. தயவு செஞ்சு."

"குளிருதுங்க."

"தேவனுக்குக் குளிராது."

"தேவனுக்குப் படகு பிடிக்கிற வேலையும் கிடையாதே."

ஆனால் கால்கள் நின்றன. யோருன் கரித்துண்டை எடுத்தாள். காகிதம் கிடைக்கவில்லை. பலகையிலேயே வரைந்தாள்.

"எதுக்குங்க காலு? முகம் வேணும்னாலும் தரேன். சுமாரா இருக்கும்."

"முகம் வேணாம். நியோர்ட் கதை தெரியும்ல?"

"பள்ளிக்கூடத்துல சொன்னாங்க... மறந்துபோச்சு. நீங்க சொல்லுங்க."

பொய் மாதிரி இருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

"ஸ்காதின்னு ஒரு மலைக்காரி. அவ அப்பாவ தேவர்கள் கொன்னுட்டாங்க. கோடாலியோட வந்து நின்னா. சமாதானத்துக்கு, எங்கள்ல ஒருத்தனக் கட்டிக்கோன்னாங்க. ஒரே ஒரு நிபந்தனை. எல்லாரும் திரைக்குப் பின்னாடி நிப்பாங்க. கால மட்டும்தான் பாக்கலாம்."

"நல்ல சுயம்வரம்."

"இருக்கறதுலயே அழகான காலு பேரழகன் பால்டரோடதாத்தான் இருக்கும்னு கை காட்டினா. திரை விலகிச்சு. பாத்தா..."

"நம்ம ஆளு."

"நம்ம ஆளு."

"ஏமாந்துட்டா, பாவம்."

"கல்யாணமும் நிலைக்கல. கடற்காகம் கத்தினா அவளுக்குத் தூக்கம் வராது. மலையில ஓநாய் ஊளையிட்டா அவனுக்கு ஆகாது."

"நீங்க கடல்பக்கமா, மலையா?"

"மலைதான்."

"தூக்கம் வருதா?"

"எங்க... என் ஜன்னலுக்கு வெளியதான் கடற்காகங்களோட கச்சேரி."

சிரிப்புச் சத்தம் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து வரும் சிரிப்பு. விரல்களும் சிரித்தன. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

"இது முடியலன்னா என்ன ஆகும்?"

"செயின்ட் ஹான்ஸ் கோடைத் திருவிழா அன்னிக்குத் திறப்பு. சாயங்காலம் நெருப்பு மூட்டறதுக்கு முன்னாடி. முடியலன்னா இவரத் தூக்கிட்டு ரெசின் சிலை வெப்பாங்க. அக்கரையில ஒருத்தர் அச்சுல ஊத்தி விக்கிறாரே... பாத்திருக்கீங்களா?"

"...பாத்திருக்கேன்."

"அவரோட தோர் தோர் மாதிரியா இருக்கு? சுத்தியல் பிடிச்ச ரொட்டிக்கடைக்காரர் மாதிரி இருக்கு. நியோர்டுக்கு பூட்ஸ் மாட்டிவிட்டிருக்காரு. நியோர்டுக்கு! பூட்ஸ்! விரல மடக்காதீங்க."

"மன்னிக்கணும்."

படகு ஊதியது. கால்கள் பூட்ஸுக்குள் மறைந்தன.

"இருங்க, குதிகால் இன்னும் வரையல..."

அவள் ஊர்ந்து வெளியே வருவதற்குள் படகின் ஏறுபலகை உயர்ந்துவிட்டது. மேல்தளத்தில் மஞ்சள் மழைக்கோட்டுகள். எல்லாம் ஒரே மஞ்சள்.

பேரைக்கூடக் கேட்கவில்லை...

துறைமுகக் குழுவின் தலைவி போர்கில்ட். ஊரே அக்கா என்று கூப்பிடும். குழு அவள் வீட்டில்தான் கூடும். அந்த வாரமும் கூடியது. வாசலில் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே வாஃபிளும் பழுப்புச் சீஸும் காப்பியும்.

யோருன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு அதுதான் பழக்கம். சாம்பல் காலுறை. பச்சைக் காலுறை. பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறை. கடைசி நாற்காலியில்...

வெறுங்கால்.

சுண்டுவிரல் தள்ளி நின்றது.

"என்னய்யா, காலுறை எங்க?" என்றாள் போர்கில்ட்.

"நனஞ்சுபோச்சுக்கா."

அதே குரல். யோருன் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். முழங்கால்... பின்னல் ஸ்வெட்டர்... ஒரு வாரத் தாடி... மழை பெய்து ஓய்ந்த நிறத்தில் இரண்டு கண்கள். அவை ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யோருன், இவர்தான் ஹால்வார். அக்கரையில ரெசின் சிலை செய்யறவர்."

யோருன் கடித்த வாஃபிளைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஹால்வார் எழுந்து வந்து அவள் கோப்பையில் காப்பி ஊற்றினான். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"ரொட்டிக்கடைக்காரர் நல்லா விலைபோறாருங்க."

காது நுனிவரை சூடேறியது. அடுத்த கணமே கோபம் வந்தது. அன்று இவன் எதற்குத் துறைக்கு வந்தான்? பீடத்தை அளக்க. தன் பொம்மை அங்கே உட்காருமா என்று பார்க்க. அவனிடம் போய்... தயவு செய்து நில்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள்.

போர்கில்ட் கரண்டியால் மேசையைத் தட்டினாள். "யோருன், நேரா கேக்கறேன். கட்டைக் காலோட கடல் தேவன நிறுத்த முடியாது. ஊரு சிரிக்கும். செயின்ட் ஹான்ஸுக்குள்ள முடியுமா? இல்ல, ஹால்வாரோட சிலைய ஏத்திட்டு வரச் சொல்லவா?"

"முடிப்பேன்."

"காலு கிடைச்சுதா?"

எல்லோரும் பார்த்தார்கள். ஹால்வாரும் பார்த்தான்.

"கிடைக்கலக்கா."

அவன் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் யோருன் உளியை எடுத்தாள். வைத்தாள். பலகையில் விரல்கள் இருந்தன, வளைவு இருந்தது. குதிகால் இல்லை. குதிகால் இல்லாமல் எடை எங்கே இறங்கும்? எடை இறங்காத கால் பொம்மைக் கால்.

அப்பா மலையிலிருந்து போனில் கூப்பிட்டார். "வந்துடு, யோருன். கடல் நமக்கு ஆகாது. தூங்கறியா இல்லியா?"

"தூங்கறேம்ப்பா."

வெளியே கடற்காகங்கள் கத்தின. அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

அவனைக் கூப்பிட ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் என்று சொன்ன வாய் எப்படித் திறக்கும்...

மாலைப் படகு வந்தது. பலகைகள் அதிர்ந்தன. இந்த முறை ஓட்டமில்லை. மெதுவான நடை. விளிம்புக்கு அருகே பூட்ஸ் நின்றது. கழன்றது. இரண்டு வெறுங்கால்கள் தார்ப்பாய்க்கு அடியில் உள்ளே நீண்டன. ஆள் வெளியே மழையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

யோருன் உளியை எடுத்தாள்.

"திரும்புங்க. குதிகால் வேணும்," என்றாள் யோருன்.

கால்கள் திரும்பின.

உளி மரத்தில் இறங்கியது. சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது.

அதன் பிறகு மாலைப் படகுதோறும் அந்தக் கால்கள் வந்தன. தார்ப்பாயை அவள் தூக்கவில்லை. அவனும் தூக்கச் சொல்லவில்லை.

ஒருநாள் உளியைத் தட்டும் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதால உங்களுக்குத்தான நஷ்டம்?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு வரீங்க?"

"என் நியோர்டுக்கு ஏன் பூட்ஸ் மாட்டினேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

"...ஏன்?"

"விரல் வரல. ஒரு குளிர்காலம் பூரா களிமண்ணுல செஞ்சு பாத்தேன். அத்தனையும் முள்ளங்கி. வெறுத்துப்போய் பூட்ஸ் மாட்டிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் வெட்கம் வந்தது.

"இவ்வளவு நல்ல காலு இருந்துமா?"

"இருந்தும் வரல. உங்களுக்கு வருது. குறுக்க நான் எதுக்கு நிக்கணும்?"

மழை தார்ப்பாயில் தட்டிக்கொண்டிருந்தது. யோருன் மரப்பாதத்தின் மேல் கை வைத்தாள். பிறகு...

"அன்னிக்கு ரொட்டிக்கடைக்காரர்னு சொன்னது... தப்பு."

"தப்பில்ல. எங்கப்பாவ வெச்சுத்தான் அச்சு எடுத்தேன். அவரு ரொட்டிக்கடைதான் வெச்சிருக்காரு."

"ஐயய்யோ..."

"சொன்னேன் அவர்கிட்ட. ஒரு மலைக்காரி கண்டுபிடிச்சுட்டாப்பான்னு. விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஒரு ரொட்டி குடுத்தனுப்பியிருக்காரு. உள்ள தரட்டுமா?"

விளிம்புக்கு அடியில் ஒரு கை வந்தது. கையில் துணியில் சுற்றிய ரொட்டி. இன்னும் சூடு இருந்தது. வாங்கும்போது விரல்கள் பட்டன. இரண்டு பேருமே உடனே கையை எடுக்கவில்லை.

செயின்ட் ஹான்ஸ் மாலை. ஊரே துறையில் நின்றது. கரையில் விறகு கோபுரம் போல் அடுக்கியிருந்தது. தட்டுத் தட்டாக இறால். தூறல் போட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

போர்கில்ட் கயிற்றை இழுத்தாள். தார்ப்பாய் சரிந்தது.

தாடியைப் பார்த்தார்கள். வலையைப் பார்த்தார்கள். பார்வை கீழே இறங்கியது. அங்கேயே நின்றது.

சத்தமே இல்லை.

யோருன் நகத்தைக் கடித்தாள். பிடிக்கவில்லையா...

ஓக் பாதங்கள் ஈரத்தில் மின்னின. ஒரு கால் முன்னே, எடை முழுவதும் குதிகாலில். இப்போதுதான் படகிலிருந்து இறங்கியவன் போல நின்றான் நியோர்ட். போர்கில்ட் முழங்காலிட்டாள். சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

துறை அதிர்ந்தது. கைதட்டல், சீழ்க்கை, படகுகளின் ஊதல். யாரோ யோருனைத் தூக்கி இறக்கினார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இது யாரு காலு?"

"ஆமா... யாருது?"

"என்னுதுதான்! சந்தேகமா?"

"உன்னுதா? உன் கால நான் நீச்சல் குளத்துல பாத்திருக்கேன். நெத்திலி மாதிரி இருக்கும்."

"கழட்டுங்கடா பூட்ஸ! பாத்துருவோம்!"

மழையில் ஊர் ஆண்கள் பூட்ஸைக் கழற்றினார்கள். மீனவர், தபால்காரர், பாதிரியார். ஒற்றைக் காலில் தள்ளாடி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் வரிசையாகப் பார்த்து வந்து தீர்ப்புச் சொன்னார்கள். "இது இல்ல." "இதுவும் இல்ல." "ஐயோ, இத மூடிக்கோ." துறை சிரித்தது.

கடைசியில் ஒருவன் மட்டும் பூட்ஸோடு நின்றான். மஞ்சள் மழைக்கோட்டு. பக்கத்தில் அகன்ற தோளும் செம்பட்டைத் தாடியுமாக ஒரு பெரியவர், இடுப்பில் மாவு படிந்த துணி.

தோர்! யோருனுக்குப் புரிந்துவிட்டது.

கூட்டம் வழி விட்டது. அவள் போய் ஹால்வார் முன் நின்றாள். இருவருக்கும் நடுவே தார்ப்பாய் இல்லை. மழையின் நிறத்தில் இரண்டு கண்கள். இத்தனை பக்கத்தில்... இத்தனை நேரம் பார்க்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கழட்டுங்க."

"யோருன்... போட்டி போட்டவனே உதவினான்னு ஊரு பூரா தெரிஞ்சுடும். உங்க பேரு..."

"தெரியட்டும். நான்தான் அன்னிக்குக் காலு கிடைக்கலன்னு பொய் சொன்னேன். இன்னிக்குச் சொல்ல மாட்டேன். கழட்டுங்க."

அவன் குனிந்தான். ஒரு பூட்ஸ். காலுறை இல்லை. இன்னொன்று.

சுண்டுவிரல் தள்ளி நின்றது.

எழுந்த சத்தத்தில் கடற்காகங்கள் கூட்டமாகப் பறந்தன. கத்தின. தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தன.

"அடப்பாவி!" என்றாள் போர்கில்ட். "அதான் அன்னிக்குக் கால நாற்காலிக்கு அடியில ஒளிச்சியா?"

ரொட்டிக்கடைக்காரர் மகனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். கரையில் யாரோ நெருப்பு மூட்டினார்கள். தூறலையும் மீறி அது பிடித்துக்கொண்டது.

ஹால்வார் வெறுங்காலோடு நின்றான்.

"சொல்லிடறேங்க. அன்னிக்கு நிக்கச் சொன்னீங்கல்ல, நின்னுட்டேன். அதுக்கப்புறம் எங்கயும் போகல. படகுல அக்கரைக்குப் போனது வெறும் பூட்ஸுதான்."

யோருன் முகத்து மழையைத் துடைத்தாள். அழுகையா, சிரிப்பா... அவளுக்கே தெரியவில்லை.

"ஸ்காதி ஒரு தப்புப் பண்ணினா," என்றாள். "கால மட்டும் பாத்தா. நான் கால பாத்தேன். அப்புறம் குரலக் கேட்டேன். இப்ப முகத்தையும் பாத்துட்டேன். மூணும் ஒரே ஆளு. மாத்திக்கறதா இல்ல."

"கடற்காகம்? விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும்ங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மழையும் சிறகுகளுமாக வானம். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டு ஜன்னல் கடலப் பாத்து இருக்கா... மலையப் பாத்து இருக்கா?"