பல்லி சொல்லியாச்சு

கண்ணாடித் தொட்டியின் மூடி மூடியபடியே இருந்தது. கொண்டியும் போட்டபடியே இருந்தது. உள்ளே மரக்கட்டை இருந்தது, தண்ணீர்ச் சிரட்டை இருந்தது, பல்லி மட்டும் இல்லை.

ரெஜிலா குனிந்து கட்டைக்குப் பின்னால் பார்த்தாள். ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னது அல்ல அது. அவள் முன்கை நீளம் இருக்கும். சாம்பல் உடம்பில் சிவப்புப் புள்ளிகள், இமைக்கத் தெரியாத மஞ்சள் கண்கள். விலங்கியல் படித்த மூன்று வருடமும் படத்தில் மட்டுமே பார்த்திருந்த வடகிழக்குக் காட்டுப் பல்லி. வீட்டில் வளர்க்கக் கூடாத சாதி. நெய்யாற்றின்கரையில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த அவள் கணவன் ஜிஜோ, கல்யாணமான புதிதில் அதை ஒரு துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தான். பல்லியை அவன் செல்லமாக மக்கா என்று கூப்பிட்டான். அவளை ஏட்டி என்றான்.

பேச்சுக்கு நடுவில் பல்லி சொன்னால் பேசியது சத்தியம் என்று விரல்முட்டியால் பலகையில் தட்டுகிற பழக்கம் கொல்லயில் என்ற அந்த ஊரில் பக்கத்து வீடுகளில் எல்லாருக்கும் உண்டு. தலைமுறையாகக் கிறிஸ்தவச் சபைக்குப் போகிற குடும்பங்களும் விட்டதில்லை. சபைக்கு மலையாளத்தில் பள்ளி என்று பெயர். "ஞாயித்துக்கிழமை பள்ளி, மத்த நாளு பல்லி. ரெண்டும் சத்தியமாக்கும் சொல்லும்" என்று ஜிஜோ வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் அவன் பலகையில் தட்டுவதில்லை. அந்தி நேரத்தில் தொட்டிக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, "இண்ணைக்கு இவ உதியன்குளங்கரைக்குப் போன் பண்ணி என்னைப் பத்திச் சொன்னா" என்பான். உதியன்குளங்கரையில்தான் அவள் பிறந்த வீடு. சொல்லிவிட்டுக் காத்திருப்பான். பல்லி கத்தினால் அவள் நெற்றியில் தட்டுவான். விளையாட்டுபோலத்தான் தொடங்கும். ஆண் பல்லி தன் இடத்தைக் காக்கக் கத்துவது, யார் என்ன சொன்னாலும் கத்தும் என்று ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் இடதுகைச் சுண்டுவிரல் ஒடிந்தது. ஆஸ்பத்திரியில், கதவு இடித்தது என்று சொன்னாள்.

இன்று காலையில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே அவன் சொன்னான். "அதுக்கு ஏதாம் ஆச்சுன்னா நீ இந்த வீட்டுல உயிரோட இருக்கமாட்டே, கேட்டியா." குரலில் கோபமே இல்லை.

கரண்ட் போயிருந்தது. பொழுது சாயும் முன்பே மழை வீட்டை இருட்டாக்கியிருந்தது. ஓட்டுக்கூரையின் மேல் மழை விழும் ஒரே இரைச்சலுக்கு அடியில், ஓட்டுக்குக் கீழே மரத்தால் அடைத்த மச்சின் பலகைகள் ஈரத்தில் முறுகும் ஓசையும், எங்கோ வாளியில் சொட்டும் நீரும், சமையலறையில் பாதி வெந்த மரச்சீனிக் கிழங்கின் மாவு மணமும், அதற்குள் புதிதாக ஒரு மணமும் இருந்தன. ஊறிய தோலின் மணம். அவள் செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் ஓட்டினாள். அலமாரிக்குப் பின்னால் ஒட்டடை. சபைக் காலண்டருக்குப் பின்னால் சுவரின் வெளுத்த சதுரம். கட்டிலுக்கு அடியில் அவன் பழைய செருப்புகள்.

கையிலிருந்த போன் அடித்தது.

"கடையில இருந்து எறங்கியாச்சு. மழையாக்கும்" என்றான் ஜிஜோ. "மக்காவுக்குத் தீனி போட்டியா?"

தீனிக்கான கரப்பான் டப்பாவை அவள் தொடக்கூட இல்லை. "போட்டாச்சு" என்றாள்.

டக்-கே.

அவள் தலைக்கு நேர்மேலே. மச்சுக்குள்.

போனில் அவனுக்கும் கேட்டிருந்தது. "சொல்லியாச்சே. அப்போ சத்தியம்தான்" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவள் சமையலறைக்குப் போய் ஏணியை எடுக்கக் கை நீட்டியபோது டப்பா கண்ணில் பட்டது. ரப்பர் வளையம் சுற்றியபடி, அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. காலையில் உள்ளே கரப்பான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஊரும் சத்தம் கேட்டிருந்தது. எடுத்து ஆட்டினாள். சத்தமில்லை. திறந்தாள். உள்ளே கரப்பான்கள் ஒளிந்துகொள்ள வைத்த முட்டை அட்டை மட்டும் கிடந்தது. ஒரு காலோ சிறகோ மிச்சமில்லை.

மூடியில் ஓட்டை இருக்கும் என்று நினைத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை.

"அவரு வர இன்னும் நேரம் உண்டு" என்று தனக்குத் தைரியம் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னாள்.

மேலே அமைதி. சொட்டும் நீர்கூட நின்றதுபோல் இருந்தது. அந்த அமைதிக்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

இவ்வளவு சீக்கிரம் வர வழியில்லை. ஆனால் அது அவன் ஸ்கூட்டர்தான். ஸ்டாண்ட் சிமெண்டில் உரசும் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கதவு வெறுமனே சாத்திக் கிடந்தது. ஓடினாலும் பூட்ட நேரமில்லை. அவள் நின்ற இடத்திலேயே வேண்டுதல்போல முணுமுணுத்தாள். "கதவு பூட்டிக் கிடக்கு."

டக்-கே.

கதவின் இரும்புத் தாழ்ப்பாள் நகர்ந்தது. யாரும் தொடவில்லை. மெதுவாக, துருப்பிடித்த கிறீச்சுடன், கடைசிவரை.

அவளுக்குப் புரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல்லி சத்தியத்தைச் சொல்லவில்லை. அது சொன்னால் பேசியது சத்தியமாகிவிடுகிறது.

"ஏட்டி. கதவை எதுக்குப் பூட்டின?"

அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். தவறாக ஒரு சொல் விழுந்தால்?

முதல் உதை. கதவுப் பலகை விரிந்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்தது. மழைக்கோட்டில் நீர் ஒழுக உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தான். குனிந்தான். நிமிர்ந்தான்.

"மக்கா எங்கே?"

"மச்சுல உண்டு. சத்தமா பேசாதீங்க. தயவுசெஞ்சு ஒண்ணும் பேசாதீங்க."

"நீயாக்கும் என்னை வாய்மூடச் சொல்லுது."

கன்னத்தில் முதல் அறை. அலமாரியில் மண்டை மோதியது. முடியைப் பிடித்து இழுத்து மண்டியிட வைத்தான். விரல்முட்டியால் நெற்றியில் குத்தினான். ஒரே இடத்தில். எலும்புக்குள் கேட்டது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. "எங்கே. எங்கே. எங்கே." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குத்து. அவள் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அது விடுபட்டது. மறுபடியும் ஓங்கியது.

அவள் யோசிக்கவில்லை. ஊரில் எந்தப் பெண்ணும் சொல்வதுதான்.

"உனக்க கை அத்துப்போவும்."

டக்-கே.

ஓங்கிய கை இறங்கவில்லை. விழுந்தது.

மழைக்கோட்டின் கைக்குள்ளிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. இரத்தம் இல்லை. அறுந்த முனையில் தோல் வழுவழுப்பாக மூடியிருந்தது. கீழே கை துள்ளியது. முழங்கை மடங்கி விரிந்தது. நாற்காலிக் காலைத் தட்டிவிட்டது. விரல்கள் காற்றைப் பிடித்தன, விட்டன, பிடித்தன. அறுந்த பல்லிவால்போல. நிற்கவே இல்லை.

ஜிஜோ அலறவில்லை.

அவன் தன் தோளைக்கூடப் பார்க்கவில்லை. மேலே பார்த்தான். மச்சுப் பலகைகளின் இடைவெளியில் இரண்டு மஞ்சள் கண்கள். அவளைவிட அதிகமாகப் பல்லியை நம்பியவன் அவன். அவளைவிட வேகமாகப் புரிந்துகொண்டான்.

அவள் வாய் திறந்தாள். 'நீ' என்பதுவரை வந்தது.

மிச்சமிருந்த இடதுகையால் அவள் வாயைப் பொத்தி, தரையோடு அழுத்தினான். முழங்காலை நெஞ்சில் வைத்தான். விலா ஒன்று உள்ளே முறிந்தது. அவள் உள்ளங்கையைக் கடித்தாள். சதை பல்லுக்கிடையில் கிழிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"மக்கா" என்றான் மேலே பார்த்து. மூச்சு வாங்கியது. பிள்ளையைக் கொஞ்சும் குரல். "கேளு மக்கா. இவளுக்கு நாக்கு கிடையாது."

அமைதி.

மழை. தரையில் கை துள்ளும் சத்தம். அவன் வியர்வை அவள் கண்ணில் சொட்டியது. உண்டு. அந்த ஒரு சொல்லை அவள் சொன்னால் போதும். உண்டு. தொண்டைக்குள் கத்தினாள். விரல்களுக்கு வெளியே வெறும் மூச்சுதான் போனது.

மேலே எதுவும் அசையவில்லை. அவன் முகத்தில் சந்தேகம் வந்தது. பிடி கொஞ்சம் தளர்ந்தது. அவள் உதடு அசைந்தது, சொல் இன்னும் வரவில்லை.

டக்-கே.

ஜிஜோ கையை எடுத்துக்கொண்டான். இனி பொத்த வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவள் வாயையே பார்த்தான்.

உள்ளே ஏதோ கழன்றது. வலியே இல்லை. சூடாக, தனியாக, உயிரோடு அது அவள் பற்களில் மோதித் துடிக்கத் தொடங்கியது. வெளியே வர வழி தேடியது.