நிழல் ஐந்தின் கடைவாய்ப்பல்

காலையில் கதையை அனுப்பினால் காபி ஆறுவதற்குள் மதிப்புரை வந்துவிடும். எங்கள் காலத்து எழுத்தாளர்களின் பிழைப்பு இதுதான். அன்றும் என் யாளிக் கதையை நிழல் வாசகர்களின் அவையான நிழலவைக்கு அனுப்பிவிட்டு டம்ளரைக் கையில் எடுத்தேன். ஒரு வாய் குடிப்பதற்குள் ஐந்து பேரும் படித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். நான்கு பேருக்குச் சம்மதம். நிழல் ஐந்து மட்டும் வழக்கம்போல் வேண்டாம் என்றது.

‘பேர்’ என்று சொன்னது ஒரு மரியாதைக்குத்தான். நிழல் வாசகர் என்பது ஆள் இல்லை. உயிரோடிருக்கும் யாரோ ஒருவரின் ரசனையை என்றோ ஒருநாள் ஸ்கேன் செய்து எடுத்த நகல், அவ்வளவுதான். இயந்திரங்கள் தினம் கோடிக்கணக்கில் கதை எழுதித் தள்ளியபோது, எதைப் படிப்பது என்று தெரியாமல் திணறிப்போன ஜனங்கள் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். எதையும் முதலில் நிழல்கள் படிக்கும். ஐந்தும் தலையாட்டினால்தான் பிரசுரம். மாயக்கதைப் பிரிவில் எனக்கு வாய்த்தவற்றில் நான்கு தங்கமானவை. ஐந்தாவது என்னைப் படுத்தி எடுத்தது.

ஏற்கெனவே இரண்டு கதைகள் அதனால் திரும்பிவிட்டன. இதுவும் திரும்பினால் மாயக்கதைப் பிரிவில் என் இடம் போய்விடும். சலவை இயந்திரத்துக்குக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். யாளியும் வேதாளமுமாகக் குடித்தனம் நடத்திய மனிதன் ‘ஈரத்துணியை உள்ளே இடுக’ என்று எழுதுவதை நினைத்தபோது எனக்கு அழுகையே வந்தது.

என் மனைவி பிரமு தோளுக்குப் பின்னால் நின்று நிழல் ஐந்தின் மதிப்புரையை உரக்கப் படித்தாள். “‘யாளியின் பற்களை இவ்வளவு விரிவாகச் சொல்வது குரூரம். படிக்கையில் காது வரை தெறிக்கிறது. எப்போது முடியும் என்று இருந்தது.’ ஏங்க, போன கதைக்கு என்ன சொல்லிச்சு?”

“பனிமலையே ஆகாதுன்னுச்சு. அதுக்கு முந்தினதுல, அரக்கன் முறுக்கு திங்கிற இடத்தை எடுக்கச் சொல்லிச்சு.”

பிரமுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இது ரசனையே இல்லைங்க. பல்லுவலி!”

நிழலின் மேல் சந்தேகம் இருந்தால் மூலவாசகரையே நேரில் படிக்கச் சொல்லி முறையிடலாம் என்று சட்டத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. அவருக்குச் சம்மதமென்றால் முகவரி தருவார்கள். அவர் சொல்வதுதான் முடிவு. ஆனால் யாரும் முறையிடுவதில்லை. உயிருள்ள வாசகரின் முகத்தைப் பார்க்க எங்களுக்கெல்லாம் அவ்வளவு பயம். எனக்கும்தான். சலவை இயந்திரத்தை நினைத்துக்கொண்டு முறையிட்டேன்.

முகவரி தூத்துக்குடியில் ஒரு பேக்கரி. நெல்லையில் குழாய் ரயில் ஏறி, உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் இறங்கினேன். முட்டை வெள்ளைக்கருவை நுரை வர அடித்துக்கொண்டிருந்த மூலவாசகி ஜெபக்கனி என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். நான் பற்களைத்தான் பார்த்தேன்.

“நீங்கதானா அந்தக் கதை எழுதுற சார்? வாங்க, இந்த மக்ரூனைத் தின்னுக்கிட்டே பேசுங்க.”

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் மாவுக்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அதை ஏன் கேக்கிய! அன்னைக்கு எனக்குக் கடவாப்பல்லு உயிர் போகுது. பல் ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். ஸ்கேன் எடுக்க வந்த பொண்ணு, ‘அக்கா, சும்மாதான இருக்கிய, நாலு கதை படிச்சுக் காட்டுங்க’ன்னா. வலி மறக்குமேன்னு சரின்னுட்டேன். எங்க மறந்துச்சு!”

“இப்ப பல்லு?”

“அன்னைக்கே பிடுங்கியாச்சு.”

பல் போய் எத்தனையோ வருஷம். வலி மட்டும் நிழலவையின் சேமிப்பில் பத்திரமாக உட்கார்ந்து என் கதைகளை வதைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கோபப்படத்தான் வந்தேன். இரண்டு பேருமாகச் சிரித்ததில் பாதி மக்ரூன் நொறுங்கிக் கீழே விழுந்தது.

யாளிக் கதையின் அச்சுப்பிரதியைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் தீர்ப்புக்காக நின்றேன். ஜெபக்கனி என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“இப்பவேவா? அடுப்புல வேலை கெடக்கு. வச்சிட்டுப் போங்க, படிச்சிட்டு யோசிச்சுச் சொல்லுதேன்.”

யோசித்தா? அந்தச் சொல்லை மதிப்புரை விஷயத்தில் நான் கேட்டதே இல்லை. வீடு திரும்பிய பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செல்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக அலைந்தேன். ஒரு வாரம் இப்படி ஓடியது. “பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட இப்படி நிக்க மாட்டாங்க” என்றாள் பிரமு. காபி ஆறி ஆறி வீணானது.

கடைசியில் ஜெபக்கனியே கூப்பிட்டார்.

“சார், அந்த யாளி தூணை விட்டுக் கீழ இறங்கி ஊரைப் பாக்கப் போயிருதுல்லா. சரி. அப்போ தூணு என்னாவும்? மண்டபம் விழுந்திராதா? அதுக்குக் கீழ ஒரு பூக்காரம்மா வேற உக்காந்திருக்கா.”

அந்த நான்கு தங்கங்களில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை. “கதை பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?” என்றேன்.

“அதுதான் தெரியல. பிடிக்கலைன்னா, முட்டை அடிக்கும்போதெல்லாம் நான் ஏன் அந்தப் பூக்காரம்மாவையே நினைச்சிட்டு நிக்கேன்? நிழலவையிலருந்து கூப்பிட்டு, சம்மதமா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. இன்னொரு தடவை படிக்கணும்னு சொல்லிட்டேன். அப்படியொரு பதிலே கெடையாதாம். இல்லைன்னா உண்டாக்குங்கன்னு போனை வச்சிட்டேன்.”

உண்டாக்கித்தான் விட்டார்கள். திரையில் என் கதைக்கு எதிரே, நான் அதுவரை கண்டிராத ஒரு வரி மின்னியது: ‘வாசகர் மீண்டும் படிக்கிறார்.’ அவர் படித்து முடிக்கும்வரை என் இடத்தில் யாரும் கை வைக்க முடியாது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிரசுரமான கதைகள் எதற்கும் எனக்கு இப்படி ஆனதில்லை.

அன்று மாலையே, பூக்காரம்மாவின் தலைக்கு மேலிருக்கும் தூணைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பிரமு காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“நிழல் ஐந்து என்னங்க சொல்லிச்சு?”

“அவங்க பேரு ஜெபக்கனி” என்றேன். “இன்னும் ஒண்ணும் சொல்லலை.”

அதற்கு ஏன் இந்த மனிதர் இப்படிப் பல்லைக் காட்டுகிறார் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.