பின்சீட்டில் ஆள்

பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. வண்டிக்குள் ஒரு விளக்கு மட்டும் அணையவில்லை.

விருத்தாசலம் முதலில் அதை வெயில் என்றுதான் நினைத்தான். ஷெட்டின் தகரக் கூரையில் பழைய ஆணி ஓட்டைகள் உண்டு. சாயங்கால வெயில் அவற்றின் வழியாக இறங்கி, வட்டம் வட்டமாக வண்டியின் மேல் கிடக்கும். கையை வைத்து மறைத்துப் பார்த்தான். வெயில் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள் முதற்கொண்டு எல்லாம் செத்துக் கிடந்த கறுப்புக் கண்ணாடியில், சிவப்பாக ஒரு சிறிய மனித உருவம், மார்பின் குறுக்கே ஒரு பட்டையோடு. சீட் பெல்ட் விளக்கு. அதன் பக்கத்தில் பின்சீட்டுக்கென்று மூன்று கட்டங்கள். இடப்பக்கக் கட்டம் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் இடதுபுறம் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

பின்னால் ஆளில்லை. திரும்பிப் பார்த்தான், சீட்டு வெறுமனே இருந்தது.

மிச்ச மின்சாரம் எங்காவது தங்கியிருக்கும் என்று பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தான். ஹாரனை அமுக்கினான், சத்தமே இல்லை. கதவைத் திறந்தால் எரிய வேண்டிய மேல்விளக்கும் எரியவில்லை. சாவியை அவன் போடவே இல்லை, அது சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சிவப்பு உருவம் மட்டும் அவனைப் பார்த்தபடி இருந்தது.

செல்போனில் பார்த்த வீடியோவில் ஒரு இளைஞன் உற்சாகமாகச் சொல்லியிருந்தான். ஒயரைக் கழற்றி அரை மணி நேரம் விட்டால் என்ஜின் கம்ப்யூட்டர் பழசை எல்லாம் மறந்துவிடும். பிறகு மாட்டி, வண்டியைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஏ.சி. போடாமல் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். பிறந்த குழந்தை மாதிரி அது எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்ளும். நடுவில் அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அதுதான் விருத்தாசலத்தின் கோளாறு.

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். அவன் மனைவி சித்ரா அதை நம்பி, புது வண்டி இப்படி நிற்கலாமா என்று கோபப்பட்டு, திண்டிவனத்திலிருந்து தேவசகாயம் மெக்கானிக்கை நாளைக் காலை வரச் சொல்லிவிட்டாள். தேவசகாயம் ஒரு கருவியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுவார். என்றைக்கு எந்தக் கோளாறு வந்தது என்று அது வரிசையாகச் சொல்லும். இந்த வண்டியில் சொருகினால், ஒரு நாளும் ஒன்றும் வரவில்லை என்றுதான் சொல்லும். அதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "நானே பேட்டரிய கழட்டி மாட்டினேன், சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டால் தப்பித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

பதினைந்து நாளைக்கு முன்னால், அவன் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கடலைச் செடிக் குவியலுக்குள் கைவிட்ட பொன்னியைப் பாம்பு கடித்தது. இருபது வருஷமாக அவன் நிலத்தில் வேலை செய்தவள். அவள் புருஷன் சின்னக்கண்ணு அன்று மூட்டை ஏற்றப் போய் விழுப்புரத்தில் இருந்தான். வரப்போரம் விருத்தாசலத்தின் கார் நின்றது. பெண்கள் அவளைத் தூக்கிவந்து ஏற்றினார்கள். கூட ஏற வந்த வீரம்மாளின் காலில் முழங்கால் மட்டும் சேறு. "நேரமில்ல, நீ எறங்கு" என்று சொல்லிக் கதவை அடைத்தான். நேரம் காரணமில்லை, சேறுதான் காரணம்.

பொன்னி சீட்டில் உட்காரவில்லை. அழுக்காகிவிடும் என்று முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கீழே ஒடுங்கிக்கொண்டாள். மேலே உட்கார் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் காது மடல் சூடாகும்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவள் மூச்சு மாறியது. கண்ணாடியில் அவள் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். நீளமாக ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமே இல்லை. அவன் மனசுக்குள் எண்ணுவான்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி ஒரு இழுப்பு. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது நிமிஷ ஓட்டம்தான். வண்டி வாங்கி நாற்பது நாள். நம்பர் பிளேட்டில் வைத்த மஞ்சள்கூட அழியவில்லை. மகள் கலைப்பிரியாவுக்கு அடுத்த மாதம் பரிசம், இந்த வண்டியில்தான் போக வேண்டும். இதற்குள் ஒரு சாவு விழுந்தால்?

ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். அக்குளில் கைகொடுத்து அவளை இழுத்துத் தரையில் கிடத்தினான். அதற்குப் பிறகுதான் 108-க்குப் போன் செய்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. இறக்கும்போதே உயிர் போயிருந்தது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பதினைந்து நாளாகத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இன்று மூன்று மணிக்குச் சின்னக்கண்ணு வந்திருந்தான். எத்தனை தரம் கூப்பிட்டாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான். சவரம் செய்யாத முகம், தோளில் துண்டு.

"ஐயா, நாளைக்குப் பதினாறு. அதுக்குள்ள அவள வூட்டுக்கு அழைச்சிக்கினு வந்துடணும்யா. வெளிய போன உசுரு வழி தெரியாம நின்னுக்கினு இருக்குமாம். பூசாரி வர்றாரு, பம்பக்காரங்க வர்றாங்க. வண்டி எங்க நின்னுச்சுன்னு எடத்த மட்டும் சொல்லுங்க, நாங்க போய் வெளக்கேத்திக் கூப்டுக்குறோம்."

விருத்தாசலத்துக்கு அந்த வேப்பமரத்தடியில் இளநீர் விற்றவனின் முகம் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் பார்த்தவன் அவன். ஆம்புலன்ஸ் போனதும், 'நின்றுபோன' வண்டி ஒரே திருப்பில் கிளம்பியதையும் பார்த்தவன்.

"விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு இந்தாண்ட," என்றான். "பாலம் ஏர்ற எடத்துல."

பொய் சொன்ன இடம் வேப்பமரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குக் குறையாது.

"போறப்ப எதுனா கேட்டாளாய்யா? எம்மேல எதுனா சொன்னாளா?"

"ஒண்ணும் பேசல, சின்னக்கண்ணு. மயக்கமாயிட்டா."

சின்னக்கண்ணு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "நீங்க இருந்தீங்க. இல்லன்னா அனாதையாட்டம் போயிருப்பா. ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்யா."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தக் கும்பிடு நெஞ்சில் விழுந்து அங்கேயே கிடந்தது. உள்ளே வந்து மூஞ்சியைக் கழுவினான். கண்ணாடியைப் பார்க்காமல் கழுவினான்.

அரை மணி முடிந்தது. ஒயரை மாட்டி, நட்டை ஸ்பேனரால் முறுக்கினான். சித்ராவும் கலைப்பிரியாவும் பரிசப் புடவை எடுக்க விழுப்புரம் போயிருந்தார்கள், இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள். வெளியே கொக்குகள் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. கூரையின் வெளிச்ச வட்டங்கள் வண்டியின் மேலிருந்து நகர்ந்து, சுவரில் ஏறி, மங்கிப்போயிருந்தன.

உள்ளே உட்கார்ந்து கதவை அடைத்ததும் அந்த வாடை வந்தது. மூன்று தடவை ஷாம்பூ போட்டுக் கழுவியிருந்தான், டெட்டால் தெளித்திருந்தான், எலுமிச்சை வாசனை வில்லை ஒன்றையும் தொங்கவிட்டிருந்தான். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, ஈர மண்ணோடு பிடுங்கிய பச்சை மல்லாட்டையின் வாடை மெதுவாக எழுந்து, அவன் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

சாவியைத் திருப்பினான். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. எல்லா விளக்குகளும் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. சிவப்பு உருவமும் அணைந்தது. அப்பாடா என்று சாய்ந்தான். பத்தே நிமிஷம். எதையும் தொடக் கூடாது.

இரண்டு நிமிஷம் வண்டி சீராக ஓடியது. பிறகு என்ஜின் சுழற்சி காட்டும் முள் ஏறியது. தானாக, யாரோ மிதிப்பதுபோல. ஆயிரத்தைத் தாண்டி ஏறி, அங்கே சற்று நின்று, பிறகு தொப்பென்று விழுந்தது. என்ஜின் சத்தம் கிட்டத்தட்ட நின்றேபோனது. பழசை மறந்த வண்டி முதலில் கொஞ்சம் தடுமாறும் என்று வீடியோவிலேயே அந்த இளைஞன் சொல்லியிருந்தான். பரவாயில்லை. இது இயல்புதான்.

மறுபடி ஏறியது. நீளமாக ஒரு இழுப்பு. விழுந்தது.

அவன் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தான். ஆனால் மனசு தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

இழுப்பு.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. அணைத்துவிடலாமா? அணைத்தால் மறுபடி ஒயரைக் கழற்ற வேண்டும், மறுபடி அரை மணி, அதற்குள் சித்ரா வந்துவிடுவாள். கையைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டான். சீட் அதிர்ந்தது. இழுப்பின்போது அதிர்வு முதுகில் ஏறியது, விழும்போது இறங்கியது. கற்றுக்கொள்கிறது. எதைக் கற்றுக்கொள்கிறது?

கண்ணாடியைப் பார்த்தான். பின்சீட்டின் மேல்விளிம்பு. பின் கண்ணாடி. ஷெட்டின் சுவர். வேறொன்றுமில்லை. அன்றைக்கும் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. வண்டியோடு தானாக இணைந்திருந்ததால் நான்கு கதவுகளிலிருந்தும் மணி அலறியது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது. திரையில் சின்னக்கண்ணு பெயர். ஸ்டியரிங்கிலிருந்த பொத்தானை அமுக்கினான்.

வண்டி முழுக்க லாரிகளின் இரைச்சல், பம்பைச் சத்தம், பெண்களின் முணுமுணுப்பு.

"ஐயா, வெளக்கு நிக்க மாட்டேங்குதுய்யா. மூணு வாட்டி ஏத்துனோம், மூணு வாட்டியும் அணைஞ்சிடுச்சி. எடம் இதானே?"

இப்போது சொல்லியிருக்கலாம். இங்கே இல்லை, கூட்டேரிப்பட்டு வேப்பமரத்தடி என்று ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. சின்னக்கண்ணுவின் கும்பிடு கண்முன் வந்தது, வந்த வாக்கியம் திரும்பிப் போனது.

"அதேதான். காத்தா இருக்கும்."

"காத்தே இல்லியேய்யா." யாரோ பக்கத்தில் ஏதோ சொன்னார்கள். "பூசாரி சொல்றாரு, கடசியா கூட இருந்தவங்க வாயால கூப்டாத்தான் வருவாளாம். சங்கடப்படாதீங்க. போன்லயே ஒரு வாட்டி பேரச் சொல்லிக் கூப்டுங்கய்யா. ஸ்பீக்கர்ல போட்டுக்கினு கீறேன், எல்லாரும் கேக்குறோம்."

பம்பை நின்றது. அந்தப் பக்கம் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினான். கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. அவள் பெயரை அவன் வாயால் சொல்லிப் பதினைந்து நாளாகியிருந்தது.

"பொன்னி," என்றான். "பொன்னி, வா."

என்ஜின் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஏறவில்லை.

ஆறு. ஏழு.

பின்சீட்டு கிறீச்சிட்டது. கீழேயிருந்து யாரோ கையூன்றி, மெதுவாக, மேலே ஏறி உட்காரும் சத்தம். ஈர மண்ணின் வாடை. மிகப் பக்கத்தில். அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இடது காதின் ஓரத்தில், உலர்ந்த நாக்கு உதட்டிலிருந்து பிரியும் சத்தம்.

"ஐயா... எறக்காதீங்கய்யா." நீளமாக ஒரு இழுப்பு. "இன்னும் உசுரு கீதுய்யா."

அன்று வேப்பமரத்தடியில், அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு சொன்ன அதே குரல்.

போனில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாரும் கேட்டுவிட்டார்கள். சின்னக்கண்ணு, குரலே இல்லாமல், "பொன்னி?" என்றான்.

விருத்தாசலம் பொத்தானைத் தேடினான். அமுக்கினான். மறுபடி அமுக்கினான். இணைப்பு போகவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. விரல்களில் செம்மண். நகக்கண்ணில் செம்மண். அது அவன் காலரைப் பற்றி, இறுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டது.