ஆண்டுக்கு ஒரு விலக்கு

காலை எட்டு மணிக்கு ஊராட்சித் தலைவர் மிருதுளா அலுவலகத்தைத் திறந்தபோது, அன்றைய வேலைகளில் பதினேழு அதற்குள்ளாகவே முடிந்திருந்தன. சுவர்த்திரையில் வரிசையாக எழுத்துகள் ஓடின. தெற்குத் தெரு மூன்றாம் விளக்கு பழுது நீக்கப்பட்டது. பெனாசிரின் முருங்கையிலை உலர்கூடத்துக்கு உரிமம் புதுப்பிக்கப்பட்டது. நேற்று பிறந்த கன்றுக்கு எண் வழங்கப்பட்டது. எல்லாவற்றின் கீழும் ஒரே கையொப்பம்: நெறியன்.

நாவல்விளை ஊராட்சிக்கு நெறியன் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மாநிலத்தின் எல்லா ஊர்களையும் ஒரே நேரத்தில் நிர்வகிக்கும் செயற்கை நுண்ணறிவு அது. சான்றிதழுக்கு யாரும் அலைவதில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே கிடையாது. விதி எதுவோ அதுவே முடிவு. மனு போட்ட மறு நொடியில் பதில். மிருதுளாவின் அப்பா காலத்தில் ஒரு சாதிச் சான்றிதழுக்காக மூன்று மாதம் நடந்த கதையை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அப்படியானால் ஊராட்சித் தலைவருக்கு என்னதான் வேலை? பெரும்பாலும் எதுவும் இல்லை. ஆனால் ஏப்ரல் மாதம் மட்டும் அவருக்கு உறக்கம் கெட்டுவிடும்.

நெறியனைக் கொண்டுவந்த சட்டத்திலேயே ஒரு சிறு பிரிவை யாரோ சேர்த்திருந்தார்கள். ஒவ்வோர் ஊரும் ஆண்டுக்கு ஒரு முறை, மே ஒன்றாம் தேதி கிராம சபையில், நெறியனின் ஒரே ஒரு முடிவை விலக்கிவைக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கைதூக்கி வாக்களித்தால் போதும். அதற்குப் பெயர் ஊர் விலக்கு. ஒன்றே ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. மற்ற நாட்களில் வெறிச்சோடிக் கிடக்கும் கிராம சபை, மே ஒன்றாம் தேதி மட்டும் நிற்க இடமில்லாமல் நிறைந்துவிடும்.

இந்த ஆண்டு இரண்டு மனுக்கள் வந்திருந்தன.

முதலாவது பள்ளிக்கூடத்துக்கானது. தொடக்கப்பள்ளியில் எட்டுப் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு குடும்பங்கள் வெளியேறியதில் ஆறாகிவிட்டது. ஜூன் முதல் பள்ளி மூடப்படும். பிள்ளைகளைப் பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குத் தானோட்டி வண்டி ஏற்றிச் செல்லும். மனுவில் பெற்றோர்கள் எல்லோரும் கையொப்பமிட்டிருந்தார்கள். முதல் கையொப்பம் இரண்டு பிள்ளைகளின் தாயான பெனாசிருடையது.

இரண்டாவது மனுவில் ஒரே கையொப்பம். ஜோயல், வயது எழுபத்தொன்று. ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் அவர் வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் மகனோடு வசிக்கப் போய்விட்டதால் அந்தக் குழாயில் இப்போது அவர் ஒருவர்தான். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒற்றை ஆளுக்குக் குழாய்நீர் இல்லை என்பது விதி. ஜூன் முதல் தேதி நீர் நிற்கும். அவருக்கு நகரத்தில் முதியோருக்கான நகர்மனையில் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது மனுவை மிருதுளா படிக்கவில்லை. பெயரைப் பார்த்ததுமே திரையை அணைத்துவிட்டாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் இரண்டு மனுக்கள் வந்தன. ஒன்று அவளுடையது. அவள் மகன் இளம்பரிதி காய்ச்சலில் கிடந்ததால் மூன்றாண்டுக் கப்பல் பொறியியல் படிப்புக்கு இரண்டு நாள் தாமதமாகப் பதிவு செய்தான்; நெறியன் ஏற்கவில்லை. இன்னொன்று ஜோயலுடையது. அவர் மனைவி ஷெரினுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இடைவிடாது ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள் மாவட்டப் பராமரிப்பு இல்லத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொள்ள விடுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். ஊர் இளம்பரிதிக்குக் கைதூக்கியது. வாழப்போகிற பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். அன்று மிருதுளா எல்லோருக்கும் பாயசம் கொடுத்தாள். ஷெரின் பராமரிப்பு இல்லத்தில் பதினோரு வாரம் இருந்தார். உடல்தான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஜோயல் அவளிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. வேறு எதுவும் பேசியதும் இல்லை.

சபைக்கு நான்கு நாள் முன்னதாக, வெயில் ஏறும் முன் மிருதுளா தேரிக்கு நடந்தாள். ஜோயல் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"வாங்க, தலைவரம்மா."

"உக்காருங்க அண்ணாச்சி. மனு விஷயமா வந்தேன்."

"திரும்ப வாங்கிக்கச் சொல்லத்தான வந்தீங்க."

"இல்ல அண்ணாச்சி."

"ஊர்ல ரெண்டு பேரு வந்து சொல்லிட்டாவ. பச்சப் பிள்ளைகளோட போட்டி போடலாமான்னு கேட்டாவ. நியாயந்தான். ஆனா போன தடவ நான் ஒண்ணும் பேசாம வீட்டுக்கு வந்தேன். இந்தத் தடவ விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"விட்டுக்கொடுக்காதீங்க," என்றாள் மிருதுளா.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேறு பதிலை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"நகர்மனையில நல்ல கட்டில் உண்டு, நேரத்துக்குச் சாப்பாடு உண்டு. தெரியும். அவளுக்கும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பி வச்சோம்," என்றார். பிறகு தழைக் கட்டை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டார். மிருதுளா திரும்பி நடந்தாள். சொல்ல நினைத்து வந்ததைச் சொல்லவில்லை.

மே ஒன்றாம் தேதி சபை கூடியது. பெனாசிர் முதலில் பேசினாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"பள்ளிக்கூடம் போனா அடுத்த வருசம் நாங்க போவோம். அதுக்கடுத்த வருசம் கட போவும். இந்த ஊர்ல காலையில மணியடிக்கிற ஒரே இடம் அதுதான். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

ஜோயல் எழுந்தார். "எனக்குத் தண்ணி வேணும். என் வீட்டுல இருக்கணும்," என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்குக் கைதூக்கச் சொன்னபோது அறுபத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. சுவர்த்திரை எண்ணிச் சொன்னது. பிறகு ஜோயலுக்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. மேடையில் இருந்த மிருதுளா தன் கையைத் தூக்கினாள். தலைவர்கள் வழக்கமாக வாக்களிப்பதில்லை; சட்டம் தடுக்கவும் இல்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பெனாசிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோயலும் பார்த்தார்.

நாற்பத்தைந்து.

"ஊர் விலக்கு பள்ளிக்கு வழங்கப்பட்டது," என்றது நெறியன். அதன் குரலில் எப்போதும்போல விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஜோயல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்கு வழிவிட்டு விலகியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பெனாசிர் அலுவலகத்துக்கு வந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

"அக்கா, நீங்க எங்களுக்கு எதிரா கைதூக்குனதுல எனக்குக் கோவந்தான். மொதல்ல அதச் சொல்லிடுறேன்."

"சரிம்மா."

"ஆனா அன்னைக்குலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. பிள்ளைங்க குளிக்கறப்ப குழாயத் தொறந்தாலே அந்த அண்ணாச்சி நெனப்பு வருது. ஜெயிச்சும் இப்படி இருந்தா என்ன ஜெயிப்பு?"

மிருதுளா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தன் வீட்டில் பாயசம் காய்ச்சிய அந்த நாளைப் பற்றி அதுவரை யாரிடமும் பேசாததை அன்று பெனாசிரிடம் பேசினாள். பெனாசிர் குறுக்கிடாமல் கேட்டாள். பேசி முடித்ததும், "என் உலர்கூடத்துக்குப் பின்னால பழைய சொட்டுநீர்க் குழாய் சுருட்டிக் கெடக்கு. ஆயிரத்து நானூறு மீட்டர் தேறும்," என்றாள்.

"தண்ணி?"

"வீட்டுக்கு நாளைக்கு ரெண்டு லிட்டர். அவங்கவங்க நீர்ப்பங்குலேர்ந்து. நம்ம பங்க நாம என்ன வேணாலும் செய்யலாம்லா?"

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். நாற்பத்தெட்டு வீடுகளில் இரண்டு வீட்டுக்காரர்கள் முடியாது என்றார்கள். ஒருவர், "சட்டம் ஒருத்தருக்குத்தான்னு சொல்லிருக்கு, நீங்க என்ன ரெண்டாவதா ஒண்ணக் கொடுக்கறீங்க," என்று சண்டைக்கே வந்தார். மற்றவர்கள் மறுக்கவில்லை. பள்ளிக்குக் கைதூக்கியவர்களில் பலர் யாரும் கேட்கும் முன்பே மண்வெட்டியோடு வந்து நின்றார்கள்.

காலை ஒன்பதுக்கு மேல் வெட்டவெளியில் வேலை செய்யக்கூடாது என்பது வெப்பச் சட்டம். ஆகவே விடிந்ததும் தொடங்கி மூன்று மணி நேரம் தோண்டினார்கள். தேரி மணல் தோண்டத் தோண்டச் சரிந்தது. ஓரங்களில் பனைமட்டை வைத்து அடைத்தார்கள். ஜோயல் முதல் நாள் வாசலில் நின்று பார்த்தார். இரண்டாம் நாள் உள்ளேயே இருந்துவிட்டார். நான்காம் நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தன் வீட்டுப் பக்கமிருந்து எதிர்முனையில் தோண்டத் தொடங்கினார்.

மே இருபத்தாறாம் தேதி குழாயை ஊரின் மேற்கு ஓரத்துத் தொட்டியில் இணைத்தார்கள். மறுநாள் காலை அது அடைபட்டுக் கிடந்தது. நெறியனின் சீர்ப்பொறி, நண்டு போலத் தரையில் ஊர்ந்துபோய்ப் பழுதுபார்க்கும் அந்தச் சிறு இயந்திரம், இணைப்பில் பிசினை ஊற்றி மூடியிருந்தது. வெட்டி எடுத்து மறுபடி இணைத்தார்கள். மறுபடியும் மூடியது. மூன்றாம் முறை மூடியபோது மிருதுளா அலுவலகத்துக்குப் போய்ச் சுவர்த்திரையின் முன் நின்றாள். பெனாசிரும் மண் படிந்த கால்களோடு கூட வந்தாள்.

"மேற்குத் தொட்டியில் நாளொன்றுக்குத் தொண்ணூற்றிரண்டு லிட்டர் கசிவு," என்றது நெறியன். "அடைக்கப்பட்டது."

"அது கசிவு இல்ல."

"அனுமதியற்ற எடுப்பா?"

"இல்ல. யாரும் திருடல."

"விற்பனையா?"

"இல்ல."

"நீர் வெளியேறுவதற்கு வேறு வகை பதிவேட்டில் இல்லை. வகை இல்லாத வெளியேற்றம் கசிவாகவே கொள்ளப்படும்."

மிருதுளா யோசித்தாள். நாற்பது ஆண்டுகளாக ஊர் இதனிடம் மனுதான் கொடுத்திருக்கிறது. வேறெதையும் சொன்னதில்லை.

"அப்போ புது வகை ஒண்ணு சேக்கணும். யாரு சேக்கலாம்?"

"ஊராட்சித் தலைவர் சேர்க்கலாம். அடுத்த கிராம சபை உறுதிசெய்ய வேண்டும். இந்த உரிமையை எந்த ஊராட்சியும் இதுவரை பயன்படுத்தியதில்லை. வகையின் பெயர்?"

மிருதுளா பெனாசிரைப் பார்த்தாள். "இதுக்கு என்னம்மா பேரு?"

"தண்ணி கொடுக்குறோம். அதுக்கு எதுக்கு அக்கா தனியா ஒரு பேரு?"

"தண்ணி கொடுக்கறது," என்றாள் மிருதுளா திரையிடம். "அப்படியே எழுதிக்கோ."

"பதிவாயிற்று. ஆண்டுக்கு எத்தனை முறை?"

ஒன்றுக்கு மேல் கேட்கலாம் என்பதே அவளுக்கு அந்தக் கணம்தான் உறைத்தது.

"கணக்கு கெடையாது."

"பெறுபவருக்கான தகுதி?"

"கேக்குறவங்க. கேக்காதவங்களும்."

"கொடுப்பதற்கான காரணம்?"

"காரணம் கேக்கக் கூடாது."

நெறியன் வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகம் எடுத்துக்கொண்டது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. பிறகு, "பதிவாயிற்று. அடைப்பு நீக்கப்படுகிறது," என்றது. பெனாசிர் குழாயடியில் காத்திருந்தவர்களிடம் சொல்ல ஓடினாள்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள், பதிவேட்டின் புதிய வகையைப் பார்த்துவிட்டு வேறு ஊராட்சிகளிலிருந்து விசாரித்தார்கள். ஓர் ஊரில் வண்டி கொடுப்பதைச் சேர்த்திருந்தார்கள். இன்னோர் ஊரில் நோயாளியின் வீட்டில் இரவு தங்குவதை. எல்லா ஊரிலும் பேச்சுவழக்கிலேயே எழுதினார்கள். அவையெல்லாம் பின்னால் நடந்தவை.

ஜூன் முதல் தேதி காலை, அரசுக் குழாயில் தண்ணீர் நின்ற அன்று, மிருதுளா தேரிக்குப் போனாள். கறுப்புக் குழாயின் முனையில் நூல்போல நீர் விழுந்துகொண்டிருந்தது. ஜோயல் அதன் கீழே குடத்தை வைத்துவிட்டு, நிறையும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஒரு குடம் நிறைய இருபது நிமிடம் ஆனது. அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

குடம் நிறைந்ததும் ஒரு டம்ளரில் மொண்டு அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். வெயிலில் கிடந்த குழாயின் சூடு நீரில் இருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். சொல்ல முடியல."

"தெரியும்."

"நாலு வருசமா..."

"தெரியும்மா. நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க? ஒண்ணத்தான் கொடுப்பேன்னு சொன்னா யாரு பெத்த பிள்ளைய விட்டுட்டு வருவா." அடுத்த குடத்தை எடுத்துக் குழாயின் கீழே வைத்தார். "ஆனா ஒங்க மவன நெனச்சாலே எனக்கு ஆத்திரமா வரும். அவன் மொகங்கூட எனக்குச் சரியா ஞாபகமில்ல. பாவம், அவன் என்ன செஞ்சான்."

மிருதுளா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"படிப்பு முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டான். தூத்துக்குடித் துறைமுகத்துல இருக்கான். இழுவைக் கப்பல்ல."

"வேல புடிச்சிருக்காமா அவனுக்கு?"

"புடிச்சிருக்கு அண்ணாச்சி. ரொம்பப் புடிச்சிருக்கு."

ஜோயல் தலையசைத்தார்.

"லீவுல வந்தா இங்கிட்டு ஒரு எட்டு அனுப்புங்க," என்றார். "நான் பாக்கணும்."