தாழ்ப்பாளும் கட்லெட் அடுப்பும்

மூன்று ஆண்டுகளில் முதல் புகார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. கொண்டு வந்தவர்கள் ஜெயக்கொடியும் அவருடைய தம்பி பொன்ராஜும். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி லோடு ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள். தியேட்டர் மேலாளர் பெனாசிரின் மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றார்கள்.

"முடிவு சரியில்ல," என்றார் ஜெயக்கொடி.

பெனாசிருக்கு முதலில் புரியவில்லை. "அண்ணாச்சி, அது உங்க முடிவு. உங்க மனசுல இருந்து எடுத்தது. அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

"அதத்தான் கேக்கோம். எனக்கும் அந்தக் கதவு தொறக்கல, இவனுக்கும் தொறக்கல. அந்தப் பொம்பள தாழ்ப்பாள் மேல கைய வச்சிட்டு, திரும்பிப் போயி அடுப்ப அணைக்கா. ரெண்டு பேருக்கும் அதே அடுப்பு, அதே நீல பக்கெட்டு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மனசாம்மா? இவன் ரெண்டு கல்யாணம் பண்ணவன். நான் ஒண்ணோடயே மாரடிக்கேன்."

"அத எதுக்கு இங்க இழுக்க?" என்றான் பொன்ராஜ்.

பெனாசிரின் முகம் சிவந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் முடிவைச் சொல்லிக்கொண்டதே அவள் கேள்விப்படாத காரியம். சம்பளம் கேட்கலாம், வயது கேட்கலாம், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடக் கேட்கலாம். உனக்கு என்ன முடிவு வந்தது என்று கேட்டால் மட்டும் அடுத்த தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

அறை வாசலில் திருப்புளியோடு நின்றிருந்த சுரேந்தரின் காதில் 'நீல பக்கெட்டு' என்பது மட்டும் தங்கிவிட்டது. அவன் அந்தத் தியேட்டரின் இருக்கை மெக்கானிக். அந்த பக்கெட்டை அவனும் பார்த்திருக்கிறான்.

படம் எல்லோருக்கும் ஒன்றுதான், கடைசி ஒன்பது நிமிடம் தவிர. அப்போது பெரிய திரை அணையும். பார்ப்பவர்கள் கண்ணோடியை மாட்டிக்கொள்வார்கள். இருக்கைக் கையில் பதித்த நாடித்தகடு அதுவரை இரண்டு மணி நேரமாக உள்ளங்கை வியர்வையைப் படித்து வைத்திருக்கும். எந்த இடத்தில் மூச்சு நின்றது, எந்த முகத்தைக் கண்டு விரல் இறுகியது எல்லாம் அதற்குத் தெரியும். அதை வைத்து, அவரவர் மனம் கேட்கிற முடிவை மனமுடிப்பான் என்கிற இயந்திரம் அங்கேயே செய்து அவரவர் கண்ணுக்குக் காட்டும். அது வந்த பிறகு, கடைசியில் சொதப்பிவிட்டார்கள் என்று யாரும் எந்தப் படத்தையும் சொல்வதில்லை. சொன்னால், சொதப்பியது யார்?

'ஒற்றைத் தாழ்ப்பாள்' அந்த இயந்திரத்துக்கென்றே எடுத்த படம். கிடைக்க வேண்டிய விருதெல்லாம் கிடைத்த படம். வீட்டைவிட்டுப் போன ஒருவன் பதினோரு வருடம் கழித்துத் தன் வீட்டுக் கதவைத் தேடி வருகிறான். உள்ளே மனைவி நிற்கிறாள். அதற்கு மேல் உங்கள் பாடு. தன் மனம் மாறியிருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் திரும்பத் திரும்ப வந்ததால் கோவில்பட்டியில் மூன்று வருடமாகத் தினம் ஒரு காட்சியாவது ஓடுகிறது.

சுரேந்தர் அதை ஒரு தடவைதான் பார்த்தான். வெளியான மூன்றாம் நாள், மனைவி அனுசூயாவோடு. இரண்டு மணி நேரம் அவ்வளவு நேர்த்தியாகப் போன படம், கடைசியில் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து கை கழுவப் போனதுபோல முடிந்தது. கதவு திறக்கவில்லை. அடுப்பு அணைந்தது. அவ்வளவுதான். ஊரே கொண்டாடுகிற படம் எனக்கு மட்டும் இப்படி முடிந்தால் கோளாறு எனக்குள்தான் என்று எடுத்துக்கொண்டான். அதை யாரிடம் சொல்வது? அன்று பரோட்டா கடையில் அனுசூயா பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே தவிர ஒரு வாய்கூடத் தின்னவில்லை. "எனக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கும்னு எனக்கே தெரியாது," என்று மட்டும் சொன்னாள். அவன் என்னவென்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. தவிர, அவனுக்குள் திறக்காத ஒரு கதவு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

நான்கு மாதத்தில் அவள் சாத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு வக்கீல்கள் பேசினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி வாய்தா. நீதிபதி கேட்டால் இருவரும் சம்மதம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவு வேலைதான் பாக்கி.

பெனாசிர், "என்னன்னு பாருங்க சுரேந்தர்," என்றாள்.

அவன் பார்த்தான். மனமுடிப்பானின் பெட்டி கேண்டீன் சுவருக்குப் பின்னால் இருந்தது. கம்பெனி சீல் வைத்த பெட்டி. தொடக் கூடாது என்று உத்தரவு. அதனால் மூன்று வருடமாக மாதாமாதம் இருக்கைத் தகடுகளைத் துடைத்து, தகட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டானே தவிர, இந்தப் பக்கம் வந்ததில்லை. இருக்கைகளிலிருந்து வரும் கம்பிகளைப் பெட்டியோடு சேர்க்கும் நாடிச்சேர்ப்பியின் பிளக், குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டடை படிந்து தொங்கியது. அது இருக்க வேண்டிய இடத்தில் கட்லெட் அடுப்பின் பிளக் இருந்தது.

"இத யாருடா சொருகுனது?"

கேண்டீன் இசக்கிராஜா எட்டிப் பார்த்தான். "நீங்கதாண்ணே. படம் ரிலீசு அன்னைக்கு. கட்லெட்டு ஆறிப்போச்சு, கூட்டம் சண்டைக்கு வருது, ஒரு பாயிண்டு குடுங்கன்னு ஓடி வந்தேன்லா? இதப் புடுங்கிட்டு, பத்து நிமிசம்தான்டான்னு நீங்கதான சொருகுனீங்க. பெறவு நீங்களும் கேக்கல, நானும் எடுக்கல."

சுரேந்தருக்கு ஞாபகம் வந்தது. பத்து நிமிடம் என்று சொன்ன தன் குரல்கூட ஞாபகம் வந்தது.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது. இருக்கைகளிலிருந்து சேதி வராவிட்டால், படம் தடைபடாமலிருக்க எல்லோருக்கும் மூலமுடிவு காட்டப்படும். மூலமுடிவு என்றால் இயக்குநர் அவசரத்துக்கு எடுத்து வைத்த முடிவு. எங்கோ ஒரு மனிதன் ஒரு மதியம் யோசித்ததை இந்த ஊர் மூன்று வருடமாகத் தன் மனம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பிடிக்காதவர்கள் இருந்திருப்பார்கள். பாதிப் பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் அவனைப்போலவே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

கட்லெட் அடுப்பைப் பிடுங்கிவிட்டு, பிளக்கைத் துடைத்துச் சொருகினான். மேலே வந்து பெனாசிரிடம், "தூசி. சரி பண்ணிட்டேன்," என்றான். பிறகு சாத்தூர் பஸ் ஏறினான்.

அனுசூயா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சாப்பாட்டு நேரம். கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"வெள்ளிக்கிழமை பாக்கத்தான போறோம்? அதுக்குள்ள என்ன?"

அவன் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் படத்துல உனக்குக் கதவு தொறக்கல. அந்தம்மா அடுப்ப அணைச்சாங்க. பக்கத்துல ஒரு நீல பக்கெட்டு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இதெல்லாம் என்ன பேச்சு? எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதான். ஊருக்கே அதான். பிளக்கு கழண்டு கிடந்திருக்கு."

"யார் கழட்டுனது?"

"நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கையுறையை உள்ளும் புறமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது என் முடிவு இல்ல."

"இல்ல."

"அந்த டைரக்டரோடது."

"ஆமா."

"அவன் யாரு, நம்ம வீட்டுக் கதவப் பத்திச் சொல்ல?" என்றாள். பிறகு, கொஞ்சம் அமைதியாக: "மூணு வருசம். நான் எவ்வளவு மோசமானவள்னு நெனச்சுட்டுப் படுத்திருக்கேன் தெரியுமா? ஒரு மனுசன் வந்து கதவத் தட்டுனா திறக்காத ஜென்மம்னு. உங்க கூட இருந்தா என்னைக்காவது அதச் செஞ்சிருவேன்னு பயந்துதான் போனேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

அவன் பேச்சை மாற்றினான். "இப்ப சரியா வேலை செய்யுது. நாளைக்கு மேட்னிக்கு வாயேன். நம்மளோடத நாமளே பாத்துட்டு வெள்ளிக்கிழமைக்குப் போவோம்."

அவள் வந்தாள். புதன்கிழமை மதியம், ஜி வரிசையில் பதினொன்று, பன்னிரண்டு. காலையிலேயே அந்த இரண்டு இருக்கைகளையும் அவன் மூன்று தடவை சோதித்துவிட்டான். கதை தெரிந்த படம்; ஆனாலும் அந்த மனிதன் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது சுரேந்தரின் கை நாடித்தகட்டில் வழுக்கியது. திரை அணைந்தது. கண்ணோடியை மாட்டிக்கொண்டான்.

அவனுக்கென்று செய்த முடிவு இதுதான். அந்த மனிதன் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறான். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறான். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. தூக்கிய கையால் தலையைக் கோதிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த வழியே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுகிறான். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைக்கிறது. அவ்வளவுதான்.

சுரேந்தருக்கு வாய் கசந்தது. முன்னதைவிட மட்டமான முடிவு. அந்த இயக்குநரின் ஆளாவது கதவைத் தட்டினான்.

வெளியே நாலரை மணி வெயில் பைக் ஸ்டாண்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அனுசூயா ஒரு தூணின் நிழலில் நின்றாள். முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"நான் திறந்துட்டேன்," என்றாள். யாருக்காவது கேட்குமே என்று குரலைத் தாழ்த்தவும் இல்லை. "தட்டுற சத்தம் கேக்கக்கூட இல்ல. வாசல்ல யாரோ வந்த மாதிரி இருந்துச்சு, ஓடிப் போய்த் திறந்துட்டேன். வெளிய யாரும் இல்ல. படியில செருப்புத் தடம் மட்டும் கிடந்துச்சு."

அவனையே பார்த்தாள்.

"உங்களுக்கு?"

அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் கேட்டிராத கேள்வி. சொல்ல நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையும் நாக்கு நுனி வரை வந்து நின்றன. கேண்டீன் பக்கமிருந்து இசக்கிராஜா, "அண்ணே, அடுப்புக்கு ஒரு வழி பண்ணுங்கண்ணே, பச்சையா விக்க முடியுமா?" என்று கத்தினான்.

"சீட்டுல ஏதோ கோளாறு போல," என்றான் சுரேந்தர். "பாக்கணும்."

ஒரு பஸ் வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வரை அவள் காத்திருந்தாள்.

"பாருங்க," என்றாள். அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நீதிபதி இருவரையும் கேட்டார். அவள் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் நீதிபதியைப் பார்த்துச் சம்மதம் என்றான். அதன் பிறகு அவளும் சொன்னாள்.

சனிக்கிழமை பெனாசிர் அவனைக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு கட்டுத் தாள் கிடந்தது.

"மூணு நாள்ல நாப்பத்தோரு புகார். அத்தனை பேரும் சீட்டு கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்காங்க. முன்னால வந்த முடிவு எவ்வளவோ தேவலைங்காங்க. ஒரு வாத்தியார் அழுதுட்டே போறாரு. ரெண்டு நாளா அந்த லாரிக்கார அண்ணாச்சிமாரு ஒருத்தர ஒருத்தர் பேசிக்கிறதில்லையாம். என்ன பண்ணி வச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. பிளக்குதான்."

"பழையபடி ஆக்கிருங்க."

அவன் கேண்டீனுக்குப் பின்னால் போனான். நாடிச்சேர்ப்பியின் பிளக்கைப் பிடுங்கினான். இசக்கிராஜா அடுப்பின் வயரைத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றான்.

"எத்தன நேரத்துக்குண்ணே?"

"பத்து நிமிசம்," என்றான் சுரேந்தர்.

அன்று மேட்னிக்குப் புகார் எதுவும் வரவில்லை. கட்லெட் சூடாக இருந்தது.