கழுவிக் கொண்டுவந்த நஞ்சுக்கொடி

காலை ஷிப்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டைவிரலைக் கருவறிவானில் வைத்தார்கள். பச்சை எரிந்தால் வேலைக்குப் போகலாம். மஞ்சள் எரிந்தால் வயிற்றில் கரு தங்கியிருக்கிறது. பேட்டரி மூடி பிரிக்கும் இலகு வேலை மேசைக்குப் போக வேண்டும். போன வாரம் வரை அஞ்சுகத்துக்கு மஞ்சள். இன்று பச்சை.

"என்னாடி, பச்சை காட்டுது?" என்றாள் பின்னால் நின்ற கிருபை.

அஞ்சுகம் கையிலிருந்த குளிர்டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். கிருபை மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூடவே நடந்தாள்.

ஓடி முடித்த கார்களின் பேட்டரிகளை உடைக்கும் கூடம் அது. உள்ளே இருக்கும் கருப்புத் தூள் வியர்வையோடு சேர்ந்து தோலில் ஊறும். அங்கே கரு தங்குவதே பெரிது. கலைந்தால் நஞ்சுக்கொடியை வாசிப்பறையில் ஒப்படைக்க வேண்டும் என்று கருக்காரணச் சட்டம் சொல்கிறது. மூலக்கூறு வாசிப்பான் அதைத் துருவிப் பார்த்து ஒரே ஒரு காரணம் சொல்லும்: கரு, தாய் அல்லது இடம். இடம் என்று வந்தால் கூடத்தை மூட வேண்டும். அப்படி வந்து யாரும் பார்த்ததில்லை. தாய் என்று இரண்டாம் முறை வந்தால் அவள் கையில் கருத்தடைச் சில்லு ஏறும், ஆயுளுக்கும். அஞ்சுகத்துக்கு ஒரு முறை வந்தாகிவிட்டது.

வாசிப்பறை அலுவலர் பவதாரிணி டப்பாவை வாங்கி இயந்திரத்துக்குள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து வந்தது. தாய்.

"நல்லாப் பாருங்க மேடம்" என்றாள் அஞ்சுகம்.

"பாத்துட்டேன்மா. கொடிக்கு மூச்சு முட்டியிருக்கு. மரபணுவெல்லாம் ஏறுமாறா வேல செஞ்சிருக்கு. வெளியிலேருந்து எதுவும் வந்ததுக்குத் தடயம் இல்ல. அதான் தாய்ன்னு காட்டுது." பிறகு டப்பாவை உற்றுப் பார்த்தாள். "இத கழுவுனீங்களா?"

"கழுவாம? போன வாரம் இங்க பாத்ரூம்லதான விழுந்துச்சு. மூணு தண்ணி அலசாம ஒரு ஆணியக்கூட கேட்டுக்கு வெளிய விட மாட்டீங்க. அதுவும் இல்லாம..." அஞ்சுகம் நிறுத்தினாள். "புள்ளைய அழுக்கோடயா அனுப்புவாங்க?"

"கொடிக்குள்ள தேங்கின ரத்தத்துலதான் உலோகம் இருக்கும். கழுவினா போயிடும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" கிருபை மேசையைத் தட்டினாள். "வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? போன மாசம் மல்லிகா கழுவினா. அதுக்கு முன்னாடி நான் கழுவினேன். கழுவுன்னு பழக்கினது நீங்க. கழுவினதால எங்க உடம்பு மேல பழியா?"

"கேட்டாதான் சொல்லணும்னு எங்களுக்கு உத்தரவுக்கா."

அஞ்சுகம் சேலையை விலக்கி முழங்கையை மேசைமேல் வைத்தாள். "அத கழுவிட்டேன். என்னையக் கழுவல. பத்து வருஷத் தூளு இதுக்குள்ளதான் ஓடுது. எடுத்துப் பாருங்க, இடம்னு வருதா இல்லையான்னு."

பவதாரிணி அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கருப்பு. "வரும்" என்றாள் மெதுவாக. "ஆனா சட்டம் கொடிய மட்டும்தான் சாட்சியா ஏத்துக்கும்."

"செத்தது பேசணும். உசுரோட உக்காந்திருக்கிறவ பேசக் கூடாது. அப்படித்தான?"

பவதாரிணி சில்லு ஊசியை எடுத்தாள். கிருபை குறுக்கே வந்தாள். வாசலில் நின்ற காவலர்கள் அவளை வெளியே தள்ளினார்கள். நீட்டிய அந்தக் கையிலேயே சில்லு ஏறியது. ஊசி ஒரு கொசுக்கடி போலத்தான் இருந்தது. அதுதான் அஞ்சுகத்துக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பெரிய அநியாயத்துக்கு இவ்வளவு சின்ன வலியா?

மதியமே அவளுக்கு வேலை மாற்றம் வந்தது. இனிக் கரு தங்காது என்பதால் தூளைக் கரைக்கும் அமிலத் தொட்டிக்குத் தகுதியானவள் என்று திரை வாழ்த்துச் சொன்னது.

கூடத்தின் கடைசிக் கதவு அது. அதற்குள் அவள் போனதே இல்லை. புகைக்குள்ளே, நீளத் துடுப்புகளால் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்; ஒவ்வொருத்தி கையிலும் அதே ஊசித் தழும்பு. ஒருத்தி திரும்பி, அஞ்சுகத்தின் கையில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.